வக்கீலுக்கு உரிமம் தருபவரைக் கணக்குக் கேட்பவர் யார்?

 

நம் மஹல்லாக்களில் வக்கீல் வீட்டு வாசலை மிதிக்காத குடும்பம் மிகவும் அரிது. பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வக்ஃப் நிலத்து வாடகை, விபத்து இழப்பீடு என்று ஏதேனும் ஒன்று நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. வக்காலத்துப் படிவத்தை நீட்டுகிறார்கள், வாசிக்காமலேயே கையெழுத்திடுகிறோம். முன்பின் அறியாத ஒருவரிடம் நம் சொத்தையும் மானத்தையும் எந்தத் துணிவில் ஒப்படைக்கிறோம்? அவரை யாரோ தகுதி பார்த்து, பெயரைப் பதிவு செய்து, உரிமம் வழங்கியிருக்கிறார்கள் என்ற துணிவில்தான். அந்த ‘யாரோ’தான் பார் கவுன்சில். அதைப் பற்றி நம் சமுதாயத்தில் எவரும் பேசுவதில்லை. பேசியாக வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

என் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். என் தங்கை இளவயதில் கணவரை இழந்தவள். பிள்ளைகள் இருப்பதால் கணவர் விட்டுச் சென்றதில் எட்டில் ஒரு பங்கு அவளுக்குரியது. எஞ்சியதில் பிள்ளைகளுக்குரிய பங்கும் உண்டு. புகுந்த வீட்டார் கைவிரித்தபோது வழக்குத் தொடுத்தோம். வக்கீல் கட்டணம் வாங்கினார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ‘வாய்தா போட்டிருக்கிறார்கள்’ என்றார். ஒரு வருடம் கழித்து வேறொருவர் மூலம் விசாரித்தபோதுதான், வாதி தரப்பில் எவரும் ஆஜராகாததால் வழக்கு எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது என்று தெரிந்தது. தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்க முப்பது நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் உரியதில் பாதிக்கும் குறைவான தொகைக்குச் சமரசம் செய்துகொண்டோம். அந்த வக்கீல் மீது நாங்கள் எங்கும் புகார் கொடுக்கவில்லை. எங்கே கொடுப்பது என்று எங்களுக்குத் தெரியாது. ஃபராயிள் பாடத்தைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்தும் எனக்கே தெரியாது. இந்த அறியாமைக்கு வேறு எவரையும் நான் குறை சொல்ல முடியாது.

‘வக்கீல்’ என்பது நம் சொல்

‘வக்கீல்’, ‘வக்காலத்து’ இரண்டும் அரபியிலிருந்து வந்த சொற்கள். ஒருவர் தம் காரியத்தை மற்றொருவரிடம் ஒப்படைப்பதே வகாலத். அதற்கென ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. வகீல் என்பவர் அமானிதம் ஏற்றவர். அவர் கையில் ஒன்று தற்செயலாக அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் வரம்பு மீறினாலோ அலட்சியம் காட்டினாலோ அவரே பொறுப்பாளி என்பது அங்கே உள்ள பொது விதி. வழக்கில் தோற்ற வக்கீல் குற்றவாளி ஆகமாட்டார். வாய்தாவுக்கே போகாத வக்கீல் குற்றவாளி. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

வாதத் திறமையைப் பற்றியும் நமக்கு எச்சரிக்கை இருக்கிறது. வழக்காட வரும் இருவரில் ஒருவர் நாவன்மை மிக்கவராக இருக்கலாம்; அதைக் கேட்டு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கப்பட்டாலும், பிறருடைய உரிமையை அவர் எடுத்துக்கொண்டால் அது நெருப்புத் துண்டே என்ற கருத்துள்ள ஹதீஸை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நாவன்மையைத் தொழிலாகக் கொண்டோரைக் கண்காணிக்க ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது. அந்த ஒழுங்கை நடத்துவது யார் என்பதில்தான் இன்றைய சண்டை.

அரசின் கைக்குப் போகவிருந்த உரிமம்

1951இல் எஸ்.ஆர். தாஸ் தலைமையில் அமைக்கப்பட்ட அகில இந்தியக் குழு 1953இல் அறிக்கை தந்தது. அதன் வழியில் வந்ததே 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம். அதன்படி மாநிலந்தோறும் ஒரு பார் கவுன்சில். அதன் உறுப்பினர்களை வழக்கறிஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள்; மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் பதவி வழி உறுப்பினர். மேலே இந்திய பார் கவுன்சில்: மாநிலத்துக்கு ஒருவர், அவர்களோடு அட்டர்னி ஜெனரலும் சொலிசிட்டர் ஜெனரலும். பெயரைப் பதிவு செய்வது, நடத்தை விதிகள் வகுப்பது, தவறியவரைத் தண்டிப்பது, சட்டக் கல்விக்குத் தரம் வகுப்பது ஆகிய அனைத்தும் இவ்வமைப்புகளின் பொறுப்பு.

2025 பிப்ரவரி 13 அன்று ஒன்றிய அரசின் சட்ட விவகாரத் துறை இச்சட்டத்துக்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. இந்திய பார் கவுன்சிலில் மூன்று பேர் வரை ஒன்றிய அரசே நியமிக்கலாம் என்றது ஒரு பிரிவு. பார் கவுன்சிலுக்கு ஒன்றிய அரசு கட்டளைகள் பிறப்பிக்கலாம் என்றது 49பி என்ற இன்னொரு பிரிவு. நீதிமன்றப் புறக்கணிப்பைத் தடை செய்தது வேறொன்று. நாடெங்கும் வழக்கறிஞர்கள் வீதிக்கு வந்தார்கள். இந்திய பார் கவுன்சிலின் தலைவர் 2024 முதல் ஆளும் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருப்பவர். அவருடைய அமைப்பே இவ்வரைவை எதிர்த்தது. ஒன்பதே நாட்களில், பிப்ரவரி 22 அன்று, அரசு வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. இந்நாட்டு நீதிமன்றங்களில் மிக அதிகமான வழக்குகளில் தரப்பாக நிற்பது அரசுதான். நிலம் எடுப்பது அரசு, கைது செய்வது அரசு, வரி விதிப்பது அரசு. அந்த அரசுக்கு எதிராக எழுந்து நிற்கும் வக்கீலின் உரிமம் அதே அரசின் கைக்குள் இருந்தால், விசாரணைக் கைதியாகச் சிறையில் கிடக்கும் ஏழைக்காக எவர் துணிந்து வாதிடுவார்? நியமனம் என்ற சொல் எப்படி உள்ளே வரும் என்பதை வக்ஃப் விஷயத்தில் நாம் கண்டோம். ‘சீர்திருத்தம்’, ‘வெளிப்படைத்தன்மை’ என்ற பெயர்களோடு வந்த 2025ஆம் ஆண்டுத் திருத்தம் மாநில வக்ஃப் வாரியத்தில் தேர்தல் முறையை நீக்கி நியமனத்தை வைத்தது. கலீஃபா அல்மன்ஸூர் நீதிபதிப் பதவியை ஏற்கச் சொன்னபோது மறுத்து, அதற்காகச் சிறையையும் ஏற்ற இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வழி வந்த நமக்கு, ஆட்சியாளரின் பிடியைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் இத்தோடு நிறுத்திவிடுவோருடன்தான் எனக்கு வழக்கு. ‘அரசே, கையை எடு’ என்று முழங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னார்கள்? அரசு கேட்கக் கூடாது என்றால் வேறு யார் கேட்பது?

சுயாட்சியின் கணக்கு

பார் கவுன்சில்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்ட விதத்தைப் பாருங்கள்.

முதலாவது, கட்டணம். புதிதாகப் பதிவு செய்யும் வழக்கறிஞரிடம் வாங்க வேண்டிய கட்டணத்தைச் சட்டத்தின் 24ஆம் பிரிவே எழுதி வைத்திருக்கிறது: மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மொத்தமே 125 ரூபாய். ஆனால் பல மாநிலங்களில் 15,000, 20,000 என்று வாங்கினார்கள். ஒடிசாவில் அது 40,000 ரூபாயையும் தாண்டியது. சட்டத்தைக் காக்கும் தொழிலின் வாசலிலேயே சட்டத்துக்குப் புறம்பான வசூல்! 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதுவரை வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் கூறிவிட்டது. கடன் வாங்கிக் கட்டிய ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் போனது போனதுதான்.

இரண்டாவது, பதவிக்காலம். மாநில பார் கவுன்சில் உறுப்பினரின் காலம் ஐந்தாண்டு என்கிறது சட்டம். தேவையானால் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்குள் தேர்தல் நடக்காவிட்டால் தனிக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது 8ஏ பிரிவு. நடைமுறை என்ன? சான்றிதழ் சரிபார்ப்பு முடியவில்லை என்ற காரணத்தைக் காட்டி, விதியையே திருத்திக்கொண்டு, காலாவதியான கவுன்சில்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. தமிழ்நாடு, புதுச்சேரி கவுன்சிலுக்குத் தேர்தல் நடந்தது 2018இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் 2025இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுக் காலக்கெடு விதிக்க வேண்டியதாயிற்று. மாநில கவுன்சில்களில் பெண்களுக்கு முப்பது விழுக்காடு இடம் வேண்டும் என்றும் அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. எந்தக் கவுன்சிலும் இவற்றைத் தானாக முன்வந்து செய்யவில்லை.

மூன்றாவது, நம்மை நேராகத் தொடுவது: புகார். வக்கீல் மீதான புகாரை விசாரிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர் இருப்பார்கள். மூவருமே வழக்கறிஞர்கள். அவர்களில் இருவர், அதே வழக்கறிஞர்களின் வாக்கை வாங்கித் தேர்தலில் வென்றவர்கள். நாளை மீண்டும் வாக்குக் கேட்கப் போகிறவர்கள். அவர்கள் அனைவரும் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அவதூறு. ஆனால் அண்ணன் மீதான புகாரைத் தம்பி விசாரிக்கும் ஏற்பாட்டை எந்தப் பஞ்சாயத்தும் ஏற்பதில்லை.

இதன் கனம் 2024 மே 14இல் இன்னும் கூடியது. வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. மருத்துவரை 1995 முதல் அங்கே நிறுத்த முடிகிறது. வழக்கறிஞரை நிறுத்த முடியாது. வழக்கறிஞர் தொழில் தனித்தன்மை வாய்ந்தது என்பதும், கட்சிக்காரரின் சொற்படி நடப்பதோடு நீதிமன்றத்துக்கும் கடமைப்பட்டவர் அவர் என்பதும் உண்மையே. ஆனால் ஒரு கதவை மூடியவுடன் என் தங்கையைப் போன்றவர்களுக்கு எஞ்சியிருப்பது சிவில் வழக்கும் பார் கவுன்சிலும் மட்டுமே. ஒரு வக்கீலால் ஏமாந்தவர் இன்னொரு வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்துச் சிவில் வழக்குத் தொடுப்பாரா? ஆகவே பார் கவுன்சிலின் கதவு அகலத் திறந்திருக்க வேண்டும்.

மருத்துவர்கள் கற்றுத் தந்த பாடம்

‘இது எங்கள் வீட்டு விஷயம்’ என்று கூறும் வழக்கறிஞர் சகோதரர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசியது. 2010இல் அதன் தலைவரையே லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. அதன் பிறகும் உள்ளிருந்து சீர்திருத்தம் வரவில்லை. 2018இல் அவசரச் சட்டத்தின் மூலம் அதன் அதிகாரம் பறிக்கப்பட்டது. 2019இல் புதுச் சட்டம். 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம். தேர்தலில் வந்தவர்களின் இடத்தை அரசு அமர்த்தியவர்கள் பெருமளவு பிடித்துக்கொண்டார்கள்.

அரசின் கைக்குப் போனதும் எல்லாம் தூய்மையாகிவிட்டதா? 2025இல் தனியார் மருத்துவக் கல்லூரி ஆய்வுகளில் லஞ்சம் புழங்கியதாகச் சிபிஐ பதிந்த வழக்கில் சுகாதார அமைச்சக அலுவலர்களின் பெயர்களும் இருந்தன. ஆகவே இரண்டு பாடங்கள். தன்னைத் திருத்திக்கொள்ளாத சுயாட்சியை மக்கள் காப்பாற்ற வரமாட்டார்கள். அது அரசின் வாய்க்குள் விழும். அரசின் வாய்க்குள் விழுவதால் நோயும் தீராது.

மூன்றாவது வழி இருக்கிறது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1977இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதை ‘அஸ்தமனச் சட்டம்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அரசு அமைப்புகளுக்கு ஒரு முடிவுத் தேதி எழுதப்பட்டிருக்கும். பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை ஆய்வுக்கு வரும். சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் பத்துப் பேர், பொதுமக்கள் சார்பில் இருவர் கொண்ட ஆணையம் விசாரிக்கும். பொது விசாரணையில் யாரும் எழுந்து பேசலாம். ‘இவ்வமைப்பு இன்னும் தேவையா, எதற்காக அமைக்கப்பட்டதோ அதைச் செய்கிறதா’ என்பதே கேள்வி. சட்டமன்றம் புதுப்பித்தால்தான் ஆயுள் நீளும். வழக்கறிஞர் தேர்வை நடத்தி உரிமத்துக்குத் தகுதி பார்க்கும் வாரியமும், அங்கே பார் கவுன்சிலைப் போன்றுள்ள அமைப்பும் இந்த ஆய்வுக்கு உட்பட்டவை. 2017இல் இரண்டையும் ஆராய்ந்து 2029 வரை நீட்டித்தார்கள். அத்தேர்வு வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களை ஆளுநரோ அமைச்சரோ நியமிப்பதில்லை. அம்மாநில உச்ச நீதிமன்றம் நியமிக்கிறது. கணக்குக் கேட்பது ஒருவர், நியமிப்பது வேறொருவர்.

இங்கிலாந்தில் வேறு விதம். 2004இல் டேவிட் கிளெமெண்டி தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கறிஞர்களின் நலனைக் காக்கும் வேலையையும் அவர்களை ஒழுங்குபடுத்தும் வேலையையும் பிரித்தது. மேற்பார்வை வாரியத்தில் சட்டத் தொழில் சாராதவர்களே பெரும்பான்மை என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

இவற்றை அப்படியே பெயர்த்து இங்கே நட வேண்டும் என்று நான் கூறவில்லை. டெக்சாஸ் முறையை அப்படியே கொண்டுவந்தால் ‘புதுப்பிக்க மாட்டோம்’ என்று ஆளுங்கட்சி மிரட்ட வழி பிறக்கும் என்று சிலர் கூறுவார்கள். நியாயமான அச்சமே. ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. பத்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பார் கவுன்சிலும் பொது ஆய்வுக்கு உட்பட வேண்டும். ஆய்வுக் குழுவை அமைக்கும் பொறுப்பு நீதித்துறையிடம் இருக்கட்டும். அதில் ஓய்வுபெற்ற நீதிபதியும், வழக்கறிஞர் அல்லாத பொதுமக்களும் இடம்பெறட்டும். அறிக்கை மக்கள் முன் வைக்கப்படட்டும். கலைக்கும் அதிகாரம் அமைச்சரிடம் இருக்கவே கூடாது.

2. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் குறைந்தது ஒருவராவது வழக்கறிஞர் அல்லாதவராக இருக்க வேண்டும்.

3. எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிந்தன, என்ன தண்டனை என்பதை ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும்.

4. ஐந்தாண்டு என்றால் ஐந்தாண்டு. காலம் முடிந்த கவுன்சில் ஒரு நாள் கூடுதலாக அமர்ந்தாலும் காரணத்தை நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும்.

‘சட்டம் தெரியாத பாமரர் குழுவில் அமர்ந்து என்ன செய்வார்?’ என்று கேட்பார்கள். வாய்தாவுக்குப் போனாரா இல்லையா, வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்தாரா இல்லையா என்று கேட்கச் சட்டப் பட்டம் வேண்டாம்.

நம் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை

இதையெல்லாம் கேட்கும் தகுதி நமக்கு வேண்டும் என்றால், நம் ஜமாஅத் நிர்வாகங்களையும் பார்க்க வேண்டும். மூன்றாண்டுக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டுப் பத்தாண்டாக அமர்ந்திருக்கும் நிர்வாகங்கள் நம்மிடம் இல்லையா? வரவு செலவுக் கணக்கை ஜும்ஆவுக்குப் பின் வாசித்து எத்தனை வருடங்கள் ஆயின? உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை அனுப்பும்போதே அவர்களின் செல்வத்தைக் கணக்கெடுத்து வைத்ததை மேடைதோறும் பேசுகிறோம். அதே அளவுகோலை நம் பள்ளிவாசல் அலுவலக அறைக்குள் கொண்டுசெல்லத் தயங்குகிறோம். கணக்குக் கேட்பதை அவமதிப்பாக எண்ணும் பழக்கம் பார் கவுன்சிலில் இருந்தாலும் தவறுதான். நம் மஹல்லாவில் இருந்தாலும் தவறுதான்.

இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. வழக்குத் தொடுத்தவுடன் வழக்கின் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா என்றைக்கு என்று நீங்களே பார்க்கலாம். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வக்கீல் கடமை தவறினால் சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ் மாநில பார் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. புகார் ஓராண்டுக்குள் முடிக்கப்பட வேண்டும். முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாற வேண்டும் என்கிறது 36பி பிரிவு. தீர்ப்பு நியாயமற்றதாகத் தோன்றினால் அறுபது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நேர்மையான வக்கீல்கள் நம்மிடையே ஏராளம். கட்டணம் வாங்காமல் ஏழைகளுக்காக அலைபவர்களை நான் அறிவேன். அவர்களின் பெயரைக் காக்கவும் இந்தக் கணக்குக் கேட்டல் தேவைப்படுகிறது. புகார் கொடுப்பது புறம் பேசுவது ஆகாது. அநீதி இழைக்கப்பட்டவர் உரிய இடத்தில் முறையிடுவதை மார்க்கம் அனுமதிக்கிறது. அன்று நாங்கள் முறையிடாமல் இருந்தோம். அதே வக்கீல் அதன் பிறகு வேறொரு விதவையின் வழக்கையும் கைவிட்டிருந்தால், அதில் எங்கள் மௌனத்துக்கும் பங்கு உண்டு அல்லவா? இந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பவர்களாகவும், ஒப்படைத்ததைக் கணக்குக் கேட்கும் துணிவுள்ளவர்களாகவும், நம்மிடம் கேட்கப்படும்போது முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.